தாலமஸ் மின்தூண்டல் கருவி: கரையோரத்து வலிப்பு நோயாளிக்கு எவ்வளவு உதவும்?

மாத்திரைகளை மாற்றி மாற்றிப் பார்த்தும் நிற்காத வலிப்புக்கு, மூளையின் நடுவே உள்ள தாலமஸ் பகுதிக்கு மின்துடிப்பு தரும் மெட்ரானிக் நிறுவனத்தின் பெர்செப்ட் கருவியைப் பற்றிக் கேட்பவர்கள் முதலில் கேட்பது, வைத்தால் நின்றுவிடுமா என்றுதான். பெரும்பாலோருக்கு நிற்காது, குறையும். வலிப்பு மூளையின் ஒரே இடத்தில் கிளம்புகிறதென்றால் அந்த இடத்தை அகற்றும் அறுவை சிகிச்சையே மேல். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் போன்ற வலிப்பு மையத்தில் அந்த அறுவை சிகிச்சை முடியுமா என்று முடிவு செய்துகொண்ட பிறகே இந்தக் கருவியின் பேச்சு.

தாலமஸின் முன்கருவில் (முன்பக்கத்து நரம்பணுத் திரளில்) இருபுறமும் பக்கத்துக்கொரு கம்பி, ஒவ்வொன்றிலும் மின்முனைகள். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் வயர் இறங்கி, காறை எலும்புக்குக் கீழே பேட்டரிப் பெட்டியில் சேரும். 110 பேரை வைத்து நடந்த சான்டே ஆய்வில் கொடுத்தது 5 வோல்ட், விநாடிக்கு 145 துடிப்பு, 90 மைக்ரோவிநாடி. ஒரு நிமிடம் ஓட்டம், ஐந்து நிமிடம் நிறுத்தம். மின்சாரம் தந்தவர்களையும் தராதவர்களையும் ஒப்பிட்ட காலத்தின் கடைசி மாதத்தில், தந்தவர்களுக்கு வலிப்பு இடைநிலையாக (மீடியன்) 40% குறைந்தது. மின்சாரம் தராமல் வைத்தவர்களுக்கு 14.5%. ஐந்தாம் ஆண்டில் 69%. ஆனால் அதற்குள் மருந்துகளும் மாறியிருந்தன, சிலர் விலகியும் இருந்தார்கள்.

துடிப்பை மெதுவாகக் கொடுத்தால், மூளை அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி.யில் மூளைப் புறணி (மூளையின் வெளி அடுக்கு) அதே தாளத்தில் பதில் அலை எழுப்பும். 1942-இல் டெம்ப்சி, மாரிசன் என்ற ஆய்வாளர்கள் பூனைகளிடம் பார்த்தது இது. வேகத்தை ஏற்றினால் அந்தத் தாளம் கலையும். பதில் அலை வந்ததாலேயே வலிப்பு குறையும் என்று நம்பிவிட வேண்டாம். மம்மிலோதாலமிக் கற்றை என்ற நரம்பிழைக் கட்டு முன்கருவில் நுழையும் இடத்தருகே கம்பி நிற்கிறதா என்பதுதான் கணக்கு. சில மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் பலன் சுருங்கும். கம்பி இருக்கும் இடத்தின் மூளை அலையைப் பெர்செப்ட் பதிவு செய்து வைப்பது, மின்தூண்டல் அளவைத் திருத்தும் மருத்துவருக்கு உண்மையிலேயே உதவும்.

நம் கரைக்கு மிக முக்கியமான எச்சரிக்கை, உடலுக்குள் சூடு ஏற்றும் டயாதெர்மி சிகிச்சை பற்றியது. வலை இழுத்து இடுப்பு பிடித்துக்கொண்டு பிசியோதெரபிக்குப் போனால், கருவி இருப்பதை முதலில் சொல்லிவிடுங்கள். ஷார்ட்வேவ் சூட்டின் ஆற்றல் வயர் வழியே ஏறி, முனையைச் சுற்றியுள்ள மூளையைச் சுட்டுவிடும், உயிரே போகலாம். கருவியை அணைத்து வைத்தாலும் இதே ஆபத்துதான். பல் மருத்துவரிடமும் வேறு அறுவை சிகிச்சைக்குப் போகும்போதும் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும்.

கடல் தண்ணீர் கருவியைக் கெடுக்காது. தையல் ஆறும்வரை மட்டும் படக்கூடாது. பத்து மீட்டருக்குக் கீழே முங்கக் கூடாது என்பது தயாரிப்பாளரின் எல்லை. அதை வைத்துக்கொண்டு கீழக்கரையில் சங்கு குளிக்கவோ, மண்டபம் பக்கம் பாசி எடுக்கவோ இறங்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள். வலிப்பு முழுதாக நிற்காதவரை இடுப்பளவு தண்ணீரும் ஆபத்துதான்.

பெட்டி இருக்கும் இடம் சிவந்தாலோ சீழ் வைத்தாலோ உடனே கிளம்புங்கள். இந்தக் கருவியில் தொற்று அபூர்வமல்ல. மனச்சோர்வு, ஞாபகக் குறைவு, இரவில் தூக்கம் கலைதல் வந்தால் அளவைக் குறைத்துப் பார்ப்பார்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ரீசார்ஜ் செய்ய முடியாத பெட்டி சில ஆண்டுகளில் தீரும். தீர்ந்தால் வலிப்பு மறுபடி கூடலாம். மாற்ற இன்னொரு அறுவை சிகிச்சை, இன்னொரு பெரிய செலவு. ஆகவே பணம் கட்டுமுன் அந்தச் செலவை யார் ஏற்பது, அளவு திருத்த மதுரையிலேயே ஆள் இருக்கிறாரா, ஒவ்வொரு முறையும் சென்னைக்கு ரயில் ஏற வேண்டுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.