ஆரா பாச்சிஸ், ரோம்: பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்

ரோமப் பேரரசு தன் அமைதியையும் வளத்தையும் எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பியது என்று தெரிந்துகொள்ள, டைபர் கரையில் உள்ள ஆரா பாச்சிஸ் அருங்காட்சியகத்தை விடப் பொருத்தமான இடம் ரோமில் இல்லை. அமைதித் தேவதைக்கு எழுப்பிய பலிபீடமும், அதைச் சூழ்ந்த பளிங்குச் சுவரும்தான் இங்கே எல்லாம். ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் ஸ்பெயினிலிருந்தும் கால் (Gaul, இன்றைய பிரான்ஸ்) பகுதியிலிருந்தும் திரும்பியதை ஒட்டி கி.மு. 13இல் செனட் தீர்மானித்து, கி.மு. 9 ஜனவரி 30 அன்று அர்ப்பணித்தது.

முதலில் திசைக் குழப்பம். 1938இல் இங்கே மறுபடி நிறுவியபோது பீடம் 90 பாகை திரும்பிவிட்டது. வழிகாட்டிப் புத்தகங்கள் சொல்லும் 'தெற்குச் சுவர்' இன்று தெற்கு நோக்கி இல்லை. படிக்கட்டை நோக்கி நின்றால் வலப்பக்கம் அரச குடும்ப ஊர்வலம், இடப்பக்கம் செனட்டர்கள். இதை நினைவில் வைத்தால் போதும்.

வலப்பக்கச் சுவரில் நிதானமாக நில்லுங்கள். அகஸ்டஸின் தளபதியும் மருமகனுமான அக்ரிப்பா முக்காடிட்டு நிற்கிறார்; அவர் அங்கியை ஒரு சிறுவன் பற்றிக்கொண்டிருக்கிறான். கீழ்ப்பாதியில் கொடிச் சுருள்கள். குனிந்து தேடினால் பல்லி, தவளை எல்லாம் கிடைக்கும். பெரும்பாலோர் தவறவிடுவது இதைத்தான்.

அடுத்து பின்பக்கம். வாசலுக்கு இடப்புறம் மடியில் பழங்களும் இரு குழந்தைகளுமாக ஒரு பெண், காலடியில் மாடும் ஆடும். பூமித்தாயா, அமைதித் தேவதையா, இத்தாலி நாட்டின் உருவமா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எல்லாரும் இதைப் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வலப்புறம் சில துண்டுகளே மிஞ்சிய பலகையில் இருப்பது ஆயுதக் குவியல்மேல் அமர்ந்த ரோமா, அதாவது ரோம் நகரத்தின் தேவதை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்: அந்தச் செழிப்புக்கு அடியில் வென்றெடுத்த ஆயுதங்கள் இருக்கின்றன. இந்தப் பலகையைத் தவிர்த்தவர் பாதிதான் பார்த்திருக்கிறார்.

வெள்ளைப் பளிங்கைக் கண்டு ஏமாற வேண்டாம், ஆதியில் இது வண்ணம் பூசியது. கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் மையரின் 2006ஆம் ஆண்டுக் கண்ணாடிக் கட்டடம் பகல் வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. சாய்வான வெளிச்சத்தில் புடைப்புச் சிற்பம் துல்லியமாகத் தெரியும் என்பதால் காலையோ மாலையோ போவது நல்லது. வழக்கமான நேரம் 9.30 முதல் 19.30 வரை, கடைசி நுழைவு மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு. சிறப்புக் கண்காட்சி நடந்தால் கட்டணம் மாறும், முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியே, ரிபெட்டா தெருப் பக்கச் சுவரில் அகஸ்டஸ் தன் சாதனைகளைத் தானே பட்டியலிட்ட லத்தீன் வாசகம் முழுவதும் இருக்கிறது. டிக்கெட் வேண்டாம், தெருவில் நின்றே படிக்கலாம். 31ஆம் பத்தியைத் தேடுங்கள்: இந்திய மன்னர்களின் தூதுக்குழுக்கள் தன்னிடம் பலமுறை வந்ததாக எழுதியிருக்கிறார். தென்னிந்தியப் புதையல்களில் அவருடைய வெள்ளிக் காசுகள் அத்தனை கிடைப்பதற்கு வணிகத் தொடர்பே காரணம்.