சுழல்விளக்கிலிருந்து எல்இடிக்கு: நான்கு ஆண்டு அனுபவம்

எங்கள் சாலைப் பராமரிப்பு வண்டியின் கூரையில் இருந்த இரண்டு ஹாலஜன் எச்சரிக்கைச் சுழல்விளக்குகளைக் கழற்றிவிட்டு எல்இடி விளக்குகளைப் பொருத்தி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மாற்றத் தூண்டியது வெளிச்சம் அல்ல, பேட்டரி. பழைய விளக்கு ஒன்றுக்கு 55 வாட். 12 வோல்ட் வண்டியில் இரண்டும் சேர்ந்து 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். எட்டு மணி நேரத்தில் பேட்டரியின் சேமிப்பில் 70 ஆம்பியர்-மணிக்கு மேல் கரைந்துவிடும். எனவே குழி அடைக்கும் நேரமெல்லாம் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். புதியவை ஒவ்வொன்றும் 15 வாட்தான். வண்டி நின்றதும் இன்ஜினை அணைத்துவிடுகிறோம். விளக்கில் மிச்சமான மின்சாரத்தைவிட இந்த டீசல்தான் பெரிய மிச்சம். பின்னால் வரும் வாகனத்தின் ஓசை காதில் விழுவது கூடுதல் லாபம்.

உச்சி வெயிலில் பழைய விளக்கு எரிகிறதா என்றே சந்தேகம் வரும். எல்இடி பளிச்சென்று தெரிகிறது. இரவில்தான் வம்பு. ஒருநாள் நூறு மீட்டர் பின்னால் நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தேன். வண்டி கண்ணைப் பறித்தது. அதன் பக்கத்தில் மண்வெட்டியோடு நின்ற ஆள் தெரியவே இல்லை! யாரைக் காப்பாற்ற விளக்குப் போட்டோமோ அவரையே அது மறைத்துக்கொண்டிருந்தது.

காரணம் அற்பமானது. வாகன எச்சரிக்கை விளக்குகளுக்கான ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 65ஆம் எண் விதிமுறையில், பகலுக்கும் இரவுக்கும் தனித்தனி ஒளி அளவு கொண்ட விளக்குகள் இரண்டாம் வகுப்பு. எங்களுடையதும் அதுதான். இரவு அளவுக்கான ஒயரைப் பொருத்தியவர் இணைக்காமல் டேப் சுற்றி விட்டிருந்தார். முகப்பு விளக்கு சுவிட்சோடு அதை இணைத்தபின் ஆட்கள் தெரிந்தார்கள். படபடவென்று நான்கு முறை வெட்டும் முறையையும் ஒற்றை வெட்டுக்கு மாற்றினேன். வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று கணிப்பது, என் கண்ணுக்கு, அதில்தான் எளிது.

குறைகளும் உண்டு. எல்இடியின் முகப்பு சூடாவதில்லை. பனி படிந்தால் உருகாது, கையால்தான் துடைக்க வேண்டும். பல்பு போனால் பையிலிருந்து இன்னொன்றை எடுத்து மாட்டிய காலம் போயிற்று. மூன்றாம் ஆண்டில் ஒன்றினுள் ஈரம் புகுந்து ஒரு பக்க டையோடுகள் அணைந்துவிட்டன; முழு விளக்கையும் மாற்ற நேர்ந்தது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து அது தெரியவில்லை, மறுபக்கம் வழக்கம்போல் வெட்டிக்கொண்டிருந்தது. இப்போது கிளம்பும் முன் வண்டியை ஒருமுறை சுற்றிவந்து அண்ணாந்து பார்த்துவிட்டே ஏறுகிறேன்.