வாடகை வீட்டு ரிப்பேர்: மதுரையில் லீவுக்குள் முடிகிற வேலைகள்

சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறவர்கள், வாடகைக்கு விட்ட வீட்டையும் சரிபார்த்துவிட்டுப் போவதென்றால் முதலில் நாளைப் பாருங்கள். எதிர்சேவைக்கும் அழகர் ஆற்றில் இறங்கும் அன்றைக்கும் கொத்தனார், பிளம்பர் யாரும் கிடைக்கமாட்டார்கள்.

மேல்மாடி வீட்டில் குடித்தனக்காரர் நிலைக்காததற்குப் பெரும்பாலும் சூடுதான் காரணம். தளத்துக்குள் இறங்கிய சூட்டை கீழே ஃபால்ஸ் சீலிங் போட்டுத் தடுப்பதைவிட, மொட்டைமாடியிலேயே வெயிலைத் திருப்பி அனுப்புவது மலிவு. வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் போதும். இரண்டு கோட்டுக்கு லிட்டருக்குச் சுமார் 20 முதல் 30 சதுர அடி வரும். 600 சதுர அடி மாடிக்கு 20 முதல் 30 லிட்டர் பிடிக்கும்.

பெயின்டைவிட அடிவேலைதான் முக்கியம். பழைய சுண்ணாம்பையும் பாசியையும் கம்பி பிரஷ்ஷால் சுரண்டிக் கழுவி, முழுசாகக் காயவிட வேண்டும். தட்டோட்டுச் சந்துகளையும் வெடிப்புகளையும் கிராக் ஃபில்லரால் அடைக்க வேண்டும். பிறகு நாலைந்து வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் தேங்குகிற இடத்தில்தான் பெயின்ட் முதலில் உரியும். அங்கே வாட்டம் சரிசெய்து, காய்ந்த பிறகே முதல் கோட். அடிப்பது காலையிலும் சாயங்காலமும்தான். உச்சி வெயிலில் அடித்தால் தளத்தில் பிடிப்பதற்குள் காய்ந்து, பிறகு ஏடாகப் பெயர்ந்து வரும். இரண்டாம் கோட்டை முதலுக்குக் குறுக்காக அடிக்கச் சொல்லுங்கள்.

கையில் காசு குறைவென்றால் கல் சுண்ணாம்பும் பலன் தரும், ஆனால் வருஷாவருஷம் அடிக்க வேண்டும். தண்ணீரில் போட்டதும் கொதிக்கும் என்பதால் பிளாஸ்டிக் வாளி கூடவே கூடாது. தகர டிரம்மில், முகத்தைத் தள்ளிவைத்து நீற்ற வேண்டும்.

கூலி விஷயத்தில், சதுர அடிக் கணக்கில் பேசினால் பெயின்டில் தண்ணீர் கூடிவிடுகிறது. சாமானை நாமே வாங்கிக் கொடுத்து நாள்கூலிக்கு விடுவதே நல்லது. டப்பாவை நம் முன்னால் உடைக்கட்டும், காலி டப்பாவையும் எண்ணிக்கொள்ளுங்கள். அதற்குள் கிளம்ப வேண்டியிருந்தால், இரண்டாம் கோட்டுக்கு முன் வாட்ஸ்அப்பில் வீடியோ கேளுங்கள்.

அடுத்தது பாத்ரூம் கசிவு. பார்க்க வருகிறவர் எடுத்த எடுப்பில் டைல்ஸ் முழுவதையும் உடைக்கச் சொல்வார். சம்மதிக்காதீர்கள், முதலில் சோதிக்க வேண்டும். யாரும் குளிக்காத நாளிலும் கீழ்வீட்டுக் கூரையில் சொட்டினால் சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாயைச் சந்தேகப்படுங்கள். குளித்தால் மட்டும் சொட்டுகிறதா? தரை நனையாமல் வடிகாலுக்குள் மட்டும் ஒரு வாளி ஊற்றுங்கள். அதற்கே கசிந்தால் கோளாறு டிராப்பில், அதாவது வடிகாலுக்கு அடியில் தண்ணீர் நிற்கும் வளைவில். கசியாவிட்டால் வடிகாலை அடைத்து ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி, 24 மணி நேரம் விடுங்கள். அப்போது ஈரம் தெரிந்தால் டைல்ஸ் சந்துதான். போர் தண்ணீரின் உப்புக்கறை போக ஆசிட் ஊற்றி ஊற்றி, சந்திலிருந்த சிமென்ட் அரித்திருக்கும்.

டைல்ஸ் சந்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம் சுரண்டி, இரண்டு நாள் காயவிட்டு, எபாக்ஸி கிரவுட் (பாகங்களைக் கலந்து சந்தில் அடைக்கும், இறுகும் பசை) அடைத்தால் போதும். டப்பாவில் உள்ள விகிதப்படி எடைபோட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் சீக்கிரம் இறுகிவிடும். டைல்ஸ்மேல் படிந்ததை உடனே துடைக்காவிட்டால் பிறகு போகாது. குடியிருப்பவரிடம் ஆசிட் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஷவர் அடைத்தால் கழற்றி, எலுமிச்சை உப்புக் கரைசலில் சில மணி நேரம் ஊறவைத்தாலே துளைகள் திறந்துகொள்ளும்.