அப்பு கானின் ஆடு: ஜாகிர் உசேனின் சிறுவர் கதைத் தொகுப்பு

டாக்டர் ஜாகிர் உசேன் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது, 1967இல் பொறுப்பேற்று, 1969 மே 3 அன்று பதவியில் இருக்கும்போதே மறைந்த குடியரசுத் தலைவர்தான். உருது வழியில் படித்தவர்களோ முதலில் ஒரு வெள்ளாட்டைப் பற்றிப் பேசுவார்கள். ‘அப்பு கான் கீ பக்ரீ’ என்ற அந்தக் கதையும் வேறு பதினான்கு கதைகளும் அடங்கிய தொகுப்பை, இன்னும் எழுத்துக் கூட்டியே உருது படிக்கும் நான், தில்லி ஜாமா மசூதியை ஒட்டிய உருது பஜாரில் ஒரு சிறு கடையில் வாங்கினேன்.

அல்மோராவில் தனியாக வாழும் கிழவர் அப்பு கான். அவர் வளர்க்கும் ஆடுகளெல்லாம் கயிற்றை அறுத்துக்கொண்டு மலைக்கு ஓடி ஓநாய்க்கு இரையாகின்றன. இனி ஆடே வேண்டாம் என்று இருந்தவர், தனிமை தாங்காமல் ஒரு குட்டியை வாங்கி வந்து, சாந்தினி, அதாவது நிலவொளி, என்று பெயரிடுகிறார். அதன் சிறு கொம்புகளைக் கருங்காலியில் கடைந்தவை என்று ஆசிரியர் வருணிக்கும் இடத்தில் நான் சற்று நேரம் நின்றுவிட்டேன். சாந்தினியும் ஓடிப்போகிறாள். இரவு முழுவதும் ஓநாயோடு பொருது, விடியலில் தொழுகை அழைப்பு கேட்கும் வேளையில் சாய்கிறாள். வென்றது ஓநாய்தான் என்று மரத்துப் பறவைகளில் பல சொல்ல, ஒரு கிழட்டுப் பறவை மட்டும் வென்றவள் சாந்தினி என்கிறது.

பிரெஞ்சு எழுத்தாளர் அல்ஃபோன்ஸ் தோதேயின் ஆட்டுக் கதையைப் படித்தவர்களுக்கு இக்கதை எங்கிருந்து கிளம்பியது என்பது உடனே புரிந்துவிடும். தோதே அதைச் சொல்வது, கிடைத்த பத்திரிகை வேலையை வேண்டாமென்று தள்ளும் ஏழைக் கவிஞன் ஒருவனுக்கு எச்சரிக்கையாக. ஜாகிர் உசேனோ ஆட்டையும் மலையையும் இரவையும் அப்படியே வைத்துக்கொண்டு, தீர்ப்பை அந்தக் கிழட்டுப் பறவையிடம் ஒப்படைத்து, எச்சரிக்கையை விடுதலைக் கதையாக மாற்றிவிடுகிறார். அரசு உதவி பெற்ற அலிகர் கல்லூரியை விட்டு வெளியேறியவர்கள் 1920இல் தொடங்கிய ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்துக்கு, 1926 முதல் 1948 வரை, பணம் இல்லாத ஆண்டுகளிலும் துணைவேந்தராக இருந்தவர் அவர். கட்டுத்தறியில் கிடைக்கும் தீனியின் விலை அவருக்குத் தெரியும்.

பெர்லினில் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலை உருதுவில் பெயர்த்தவர், உருதுக் கவிஞர் காலிப்பின் கவிதைத் தொகுதியை அழகாக அச்சிடுவதற்காக ஜெர்மனியில் தாமே அச்சுக் கோத்தவர் என்ற அறிஞரின் நிழல் இந்தப் பக்கங்களில் எங்கும் விழவில்லை என்பதே எனக்குப் பெரிய வியப்பு. இளம்வயதிலேயே இறந்த தம் மகள் ருகையா ரெஹானாவின் பெயரைப் புனைபெயராக்கிக்கொண்டு அவர் சிறுவர் கதைகள் எழுதினார். அது தெரிந்த பிறகு, வாணலியிலிருந்து தப்பி ஓடும் பூரியின் கதையைக்கூட வெறும் வேடிக்கையாக மட்டும் என்னால் படிக்க முடியவில்லை. எல்லாக் கதைகளும் ஒரே தரத்தில் இல்லை. ஊதிச் சூடேற்றுவதும் ஊதி ஆற்றுவதும் ஒரே வாய்தானா என்று திகைக்கும் கதை பழைய சரக்குதான், ஆனாலும் உரக்கப் படித்தால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

இனிப் பதிப்பைப் பற்றி. என் கையில் உள்ள படியின் தாள் மிக மெல்லியது, பின்பக்கத்து மை முன்பக்கத்தில் தெரிகிறது. உருதுவில் இது சிறிய குறையன்று. படகு போன்ற ஒரே வடிவத்துக்குக் கீழே ஒரு புள்ளி இட்டால் ஓர் எழுத்து, மேலே இரண்டு இட்டால் வேறோர் எழுத்து. எந்தப் புள்ளி இந்தப் பக்கத்துடையது, எது பின்னாலிருந்து கசிந்தது என்று தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே பல சொற்களைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. சிறுவர் நூலாக இருந்தும் உயிர்க்குறிகளான ஜபரும் ஜேரும் பெரும்பாலும் விடுபட்டுள்ளன. மாற்றித் தரக் கேட்டபோது கடைக்காரர் அடுக்கிலிருந்து இன்னொரு படியை எடுத்துத் தந்தார், அதுவும் அப்படியேதான் இருந்தது.

வாங்குவதாக இருந்தால் கடையிலேயே நடுப்பக்கம் ஒன்றைப் பிரித்துப் பார்த்து வாங்குங்கள். சிறு பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவதற்கு முன் ஆடு இறந்துபோகும் என்பதை நினைவில் வையுங்கள். எங்கள் வீட்டில் பறவைகளின் வழக்கு அன்றிரவு தூங்கும் வரை ஓயவில்லை.