சிரட்டைக்கரியா, காஸா, கரண்டா: சின்னக் கத்திப் பட்டறைக்கு எந்தத் தீ கட்டுப்படியாகும்?

கத்திப் பட்டறை போட ஆசைப்பட்டு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தத் தீ மலிவு என்றுதான். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு ஒடுங்கிய ஒழுங்கைக்குள், பத்தடிக்குப் பன்னிரண்டடி இடத்தில் சமையலறைக் கத்தி செய்கிறேன். சிரட்டைக்கரி, காஸ், கரண்ட் மூன்றிலும் வேலை பார்த்தாயிற்று. கொப்பியில் எழுதி வைத்த கணக்கிலிருந்துதான் இதைச் சொல்கிறேன்.

ரூபாவில் எழுதினால் ஆறு மாதத்தில் பழசாகிவிடும். 2021 இல் 1,493 ரூபாவுக்கு வாங்கிய 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரல் கடைசியில் 4,860 ரூபாவுக்குப் போனது. அதனால் கிலோவிலும் யூனிட்டிலும் தருகிறேன். அன்றைய விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் சிரட்டைக்கரி. நம் ஊர்க் கொல்லர்களுக்குப் பழகிய தீ. சாம்பல் குறைவு, சூடு அதிகம், புளோவரைத் திறந்தால் நிமிடக் கணக்கில் இரும்பு வெளுத்துவிடும். லொறி ஸ்பிரிங் பட்டையிலிருந்து நாலு கத்தி அடித்து, தோய்ச்சல் வைத்து (சுட்ட இரும்பைச் சட்டென்று குளிரவைத்து இறுக்குவது) முடிக்க எனக்கு எட்டு கிலோ கரி போகும். வாங்கும்போது மலிவாகத்தான் தெரியும். ஆனால் சாக்கின் அடியில் கிடக்கும் தூளையும் நீங்கள் காசு கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறீர்கள். மழைக்காலத்தில் கரி ஈரம் குடித்துவிட்டால் முதல் அரை மணி நேரம் அதைக் காயவைக்கவே போய்விடும். அப்புறம் பொறி பறக்கும், புகை வரும், அயல் வீட்டில் உடுப்புக் காயப்போட்டிருப்பார்கள். நெருக்கமான ஒழுங்கையில் இதுவும் செலவுதான்.

காஸில் அதே நாலு கத்திக்கு மூன்று கிலோ. ஒற்றை பேர்னர், சூடு தாங்கும் பீங்கான் கம்பளி வைத்த சின்ன உலை, மணிக்கு 600 கிராம் அளவில் எரியும். அதாவது ஒரு சிலிண்டரில் இருபது மணி நேர வேலை, பதினாறு கத்தி. ஒரு கிலோ காஸில் ஏறக்குறைய 12.8 யூனிட் (கரண்ட் மீற்றரில் ஓடும் அதே யூனிட், கிலோவாற் மணி) வெப்பம் இருக்கிறது, ஒரு கிலோ கரியில் எட்டு யூனிட் அளவில். கரி பின்தங்குவதற்கு அது ஒரு காரணம். மற்றது, காஸை வேண்டாத நேரம் மூடிவிடலாம். கரியை மூட முடியாது. நீங்கள் தேநீர் குடிக்கும்போதும் அது எரிந்துகொண்டிருக்கும்.

காஸில் ஒரு தொல்லை. நமக்குக் கிடைக்கும் காஸில் பியூட்டேன் அதிகம், குளிர்ந்தால் அது சரியாக ஆவியாகாது. தொடர்ந்து வேகமாக இழுத்தால் சிலிண்டர் குளிர்ந்து, அமுக்கம் இறங்கி, தீ சோர்ந்துவிடும். அடியில் இன்னும் காஸ் இருக்கும்போதே முடிந்துவிட்டது என்று மாற்றப் போகிறவர்கள் உண்டு. ஒரு தொட்டியில் சாதாரணத் தண்ணீர் விட்டு சிலிண்டரை அதில் நிறுத்தினால் போதும், கொழும்புச் சூடு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

கரண்ட் உலையை அடிக்கிற வேலைக்குப் பாவிக்க முடியாது. கதவைத் திறந்து திறந்து மூடினால் சூடு நிற்காது. தோய்ச்சலுக்கு மட்டும்தான். என்னுடையது 2.4 கிலோவாற். 830 பாகை செல்சியஸ் வர ஒரு மணி நேரம், அப்புறம் பத்துக் கத்தியை இரண்டிரண்டாக வைத்து எடுக்க இன்னொரு ஒன்றரை மணி நேரம். மீற்றரில் நாலரை யூனிட் ஓடும். அதாவது கத்திக்கு அரை யூனிட்டும் இல்லை. கதவு மூடியிருப்பதால் வெப்பம் உள்ளேயே நிற்கிறது. காஸ் உலையில் பெரும்பங்கு வாய் வழியே கூரைக்குப் போய்விடும். கரண்ட் உலையின் பலவீனம் கரண்ட் இல்லாத நாள். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்டை வெட்டியபோது உலை வெறும் பெட்டியாகக் கிடந்தது.

சரி, எரிபொருளை மட்டும் பார்த்தால் இவ்வளவுதான். ஆனால் என் கணக்கைப் புரட்டிப்போட்டது வேறொன்று.

கரியில் மட்டும் வேலை செய்த காலத்தில் ஒரு உணவகத்துக்கு ஆறு கத்தி கொடுத்தேன். மூன்றாம் கிழமை ஒன்றை இரண்டு துண்டாகக் கொண்டுவந்து தந்தார்கள். உடைந்த முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சீனி கொட்டினது போல மினுங்கியது. நல்ல தோய்ச்சல் உடைந்தால் சாம்பல் நிறத்தில், பட்டுத் துணி போல மங்கலாக இருக்க வேண்டும். இரும்புக்குள் இருக்கும் மணி, அதாவது பொடிப் பொடியான துகள், பருத்திருக்கிறது என்றால் இரும்பு அளவுக்கு மேல் சுட்டிருக்கிறது. காந்தம் 770 பாகை அளவில் ஒட்டாமல் விடும். லொறி ஸ்பிரிங்கில் பெரும்பாலும் வருகிற 5160 வகை இரும்புக்கு அதற்கு மேல் இன்னும் அறுபது பாகை போதும். கரித்தீயில் மெல்லிய நுனி அந்த அறுபதைத் தாண்டி ஓடுவது கண்ணுக்குத் தெரியாது, அதுவும் வெயில் நேரத்தில். யாழ்ப்பாணத்து முதிய கொல்லர் ஒருவர் எனக்குச் சொன்னது: “தம்பி, வெளிச்சத்தில நிண்டு நிறம் பாக்காதையும். ஆறு மணிக்குப் பிறகு தோய்ச்சல் வையும்.” அப்படிச் செய்தபின் சேதம் பாதியாகக் குறைந்தது. இல்லாமல் போகவில்லை.

ஆறு கத்தியையும் திருப்பி வாங்கிப் புதிதாகச் செய்து கொடுத்தேன். ஒரு கத்தியில் ஆறு மணி நேர உழைப்பு, கைபிடி மரம், கத்தியைத் தீட்டித் தேய்ந்த உரைதாள் பெல்ட் எல்லாம் இருக்கிறது. அந்த ஒரு தடவைச் சேதத்தில் ஒரு வருடம் கரண்ட் உலை ஓட்டியிருக்கலாம். அதனால் இப்போது கெட்டுப்போன கத்தியையும் தீச்செலவுப் பக்கத்திலேயே எழுதுகிறேன். அப்படி எழுதினால் கரி மூன்றாம் இடத்துக்குப் போய்விடுகிறது.

பெல்ட்டையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் என் மாதச் செலவில் மூன்று தீயையும் விடப் பெரியது அதுதான். காஸில் காற்றுக் கூடினால் இரும்பில் கறுப்புச் செதில் தடிப்பாகப் படியும். அதன்மேல் புது பெல்ட்டை வைத்தால் பத்து நிமிடத்தில் மழுங்கிவிடும். இந்த ஒன்றில் கரி நல்லது, செதில் குறைவு. இப்போது அடித்த கத்திகளை இரவு முழுக்க வினாகிரியில் ஊறவைத்து, காலையில் கம்பித் தூரிகையால் தேய்க்கிறேன். செதில் மண் போல உதிர்ந்துவிடும். அதோடு மாதத்துக்கு ஐந்தாறு பெல்ட் மிச்சம்.

இரும்பைப் பற்றிச் சுருக்கமாக: கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழைய ஸ்பிரிங் மலிவாகக் கிடைக்கும், ஆனால் உள்ளே வெடிப்பு இருக்கலாம், எட்டு மில்லிமீற்றர் தடிப்பை மூன்று மில்லிமீற்றராக அடிக்கத் தீயும் தோளும் வேண்டும். வெளிநாட்டுத் தகடு மெல்லிசாகவே வரும், டொலர் விலை. உணவகக்காரர் துருப்பிடிக்காத கத்தி கேட்டால் தகடுதான் வழி. அந்த வகைகள் பலதுக்கு 1,050 பாகைக்கு மேல் நிலையான சூடு வேண்டும், அங்கே கரியையும் காஸையும் மறந்துவிடுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் காஸ் உலையும், பதம் வைக்க (தோய்ச்ச கத்தி உடையாமலிருக்க மெதுவாகத் திரும்பச் சுடுவது) ஒரு பழைய மின் அடுப்பும் வாங்கட்டும். 200 பாகையில் இரண்டு மணி நேரம், இரண்டு தடவை, பத்துக் கத்தி சேர்ந்த பிறகு. மாதம் இருபது கத்தி தாண்டினால் கரண்ட் உலைக்குக் காசு சேர்க்கலாம். நான் இப்போது காஸில் அடித்து, கரண்டில் தோய்க்கிறேன். கரி உலையையும் உடைக்கவில்லை. கரண்ட் உலையின் ஆழம் பதினாறு அங்குலம், தேங்காய்த் தோட்டக்காரர் கேட்கும் வெட்டுக்கத்தி இருபத்திரண்டு அங்குலம். அதை மட்டும் ஆறு மணிக்குப் பிறகு லைற்றை அணைத்துவிட்டு, கரியில்தான் வைக்கிறேன்.