சிம் லிம் ஸ்குவேர் கணினிக் கடை: எங்கள் அச்சகத்துப் புழுவை ஒழித்த விதம்

கணினியில் புழு, அதாவது கணினிக்குக் கணினி தானே பரவும் தீய நிரல், புகுந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: சரிசெய்ய வந்தவர் முதலில் எதைத் தொட்டார்? விசைப்பலகையைத் தொட்டிருந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். சுவரோரம் ஓடும் கேபிளைத் தொட்டிருந்தால் அவரிடம் வேலையை நம்பி ஒப்படைக்கலாம். சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேர் கட்டடத்து மேல்மாடியில் அண்ணனும் தங்கையுமாக நடத்தும் பழுதுபார்ப்புக் கடையைப் பற்றி நான் எழுத வந்ததற்குக் காரணமே அந்தத் தங்கை முதலில் கேபிளைத் தொட்டதுதான்.

எங்களுடையது தேக்காவில் ஒரு சிறிய அச்சகம். திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழாத் துண்டறிக்கை, கடைகளுக்கான ரசீதுப் புத்தகம் என்று வேலை வரும். பாதிப் பேர் வடிவமைப்பைத் தம்ப் டிரைவில்தான் கொண்டுவருவார்கள். ஒருநாள் பழைய வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, எங்களிடம் கொடுத்து வாங்கிய டிரைவை அலுவலகத்தில் செருகியதும் எச்சரிக்கை வந்ததாகச் சொன்னார். அதற்கு முன்பே சில அறிகுறிகள் தென்பட்டிருந்தன. ஊழியர்களின் கணக்குகள் தாமாகவே பூட்டிக்கொண்டன. செய்தித் தளங்கள் திறந்தன. வைரஸ் தடுப்பு நிறுவனங்களின் தளங்கள் மட்டும் திறக்கவில்லை. முதலில் வந்த வேறொரு நிறுவனத்தின் ஆள் ஒரு கணினியைத் துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போனார். மூன்றாவதைத் துடைக்கும்போது முதலாவதில் புழு திரும்பியிருந்தது. கட்டணத்தை மட்டும் முழுதாக வாங்கிக்கொண்டார்.

சிம் லிம் கடையிலிருந்து வந்த பெண் உள்ளே நுழைந்ததும் நேராக, கணினிகளின் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்ச் இருக்கும் அலமாரிக்குப் போனார். "அண்ணா, ஒரு கணினிகூட இணைப்பில் இருக்கக் கூடாது. வைஃபையையும் நிறுத்திவிடுங்கள்" என்றார். "அச்சு ஓடிக்கொண்டிருக்கிறதே அம்மா" என்றேன். "ஓடுவது ஓடி முடியட்டும். அதற்குக் கேபிள் தேவையில்லை" என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, எது எந்தக் கணினியினுடையது என்று ஒட்டுத்தாளில் எழுதிவைத்தார்.

பிறகு எங்கள் ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினார். இது கான்ஃபிக்கர் வகைப் புழு. 2008 நவம்பரில் வெளிப்பட்டது. யாரும் எந்தக் கோப்பையும் திறக்க வேண்டியதில்லை. விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் 445ஆம் எண் வாசல் வழியாக, பாதுகாப்பு ஓட்டை திருத்தப்படாத கணினி எது என்று தானே தட்டிப் பார்த்துக்கொண்டு போகும். திறந்திருந்தால் தன் நகலை உள்ளே அனுப்பும். அந்த நகலும் அடுத்த நொடியிலிருந்து தட்டத் தொடங்கும். ஓட்டை திருத்தப்பட்டிருந்தால் கடவுச்சொற்களை ஊகித்துப் பார்க்கும்; அதன் பட்டியலில் '123456', 'அட்மின்' போன்றவை எல்லாம் உண்டு. எங்கள் கணக்குகள் பூட்டிக்கொண்டது இந்த ஊகத்தின் விளைவுதான். மூன்றாவது வழி தம்ப் டிரைவ். செருகியதும் தானாக ஓடும் கோப்பு ஒன்றை அதில் எழுதிவைக்கும். எங்களைப் போன்ற தொழிலுக்கு ஆபத்தான வழி அதுவே.

மைக்ரோசாப்ட் அந்த ஓட்டைக்கான திருத்தத்தை 2008 அக்டோபரிலேயே, புழு வருவதற்கு முன்பே, வெளியிட்டுவிட்டது. இதை அவர் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. 2017ஆம் ஆண்டு, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வானாக்ரை புழு விஷயத்திலும் இதே கதைதான். திருத்தம் மார்ச்சில் வந்தது. மே 12ஆம் தேதி புழு உலகைச் சுற்றியது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. இங்கே தியோங் பாரு பிளாசாவில் கடைகளின் விவரம் காட்டும் மின்திரையும் சிக்கியது. ஊருக்கே தெரிந்த ஓட்டைகள் இத்தனை ஆண்டுகளாகச் சிறு கடைகளில் திறந்தே கிடப்பதற்குக் காரணம், அதை எளிய மொழியில் எடுத்துச் சொல்ல ஆள் இல்லாததுதான் என்பது என் உறுதியான எண்ணம். இந்தப் பெண் சொன்னார். எங்கள் அச்சுக்கோப்பாளர் முதல் பொதி சுமக்கும் தம்பி வரை எல்லாரும் சுற்றி நின்று கேட்டார்கள்.

வேலை நடந்த வரிசையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு கொடுத்தது அந்த வரிசைக்குத்தான். தன் மடிக்கணினியில் முன்பே இறக்கிவைத்திருந்த திருத்தங்களையும் நீக்கும் கருவிகளையும் எழுத முடியாதபடி பூட்டிய வட்டில் கொண்டுவந்திருந்தார். தம்ப் டிரைவில் கொண்டுவந்திருந்தால் அதிலேயே புழு ஏறிக்கொள்ளும். ஒவ்வொரு கணினியையும் அதனுள் இருக்கும் விண்டோஸை எழுப்பாமல், வட்டிலிருந்தே இயக்கினார். புழு விழித்திருந்தால் தன்னை மறைத்துக்கொள்ளவும் தடுப்பு மென்பொருளை நிறுத்தவும் முடியும் என்றார். விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறையில் பொருளற்ற பெயரோடு ஒளிந்திருந்த கோப்பு, அதை எழுப்ப அமைத்திருந்த சேவை, தினமும் அதை மீண்டும் ஓட்டுவதற்கு நேரம் குறித்துவைத்த பணிகள் என்று எல்லாவற்றையும் நீக்கிய பிறகே ஓட்டையை அடைத்தார். தம்ப் டிரைவ் தானாக ஓடும் வசதியை எடுத்துவிட்டார். கடவுச்சொற்கள் எல்லாம் மாறின. நிர்வாகி அனுமதி என் மனைவிக்கும் எனக்கும் மட்டும் என்று ஆனது. எல்லாக் கணினிகளும் முடிந்த பின்னரே, ஒன்றன்பின் ஒன்றாகக் கேபிளைச் செருகினார்.

அத்தோடு கிளம்பியிருந்தால் நல்ல வேலைக்காரர் என்று சொல்லி முடித்திருப்பேன். ஆனால் அவர், எங்கள் கணினிகள் எந்தெந்த இணையப் பெயர்களைத் தேடுகின்றன என்று குறித்துவைக்கும் ரூட்டரின் பதிவை இரவு முழுவதும் ஓடவிட்டார். கான்ஃபிக்கரின் முதல் வடிவங்கள் கட்டளை வாங்குவதற்காக நாள்தோறும் 250 இணையப் பெயர்களை உருவாக்கி, ஒவ்வொன்றையும் தேடிப் போகும். எழுத்துகளை அள்ளித் தெளித்ததுபோல் அந்தப் பெயர்கள் இருக்கும். முந்தைய நாள் பதிவில் அவை வரிசை வரிசையாக நின்றன. மறுநாள் காலையில் ஒன்றுகூட இல்லை. இரண்டு தாள்களையும் அச்சிட்டு, தேதி போட்டு என் கையில் கொடுத்தார். சுத்தமாகிவிட்டது என்று எத்தனையோ பேர் வாயால் சொல்வார்கள். சான்று காட்டியவரை நான் பார்த்தது இப்போதுதான்.

எங்களிடம் ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. அதன் மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டுமே ஓடும். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பார்க்கிறவர் எல்லாரும் தூக்கி எறியச் சொல்வார்கள். புது இயந்திரத்தின் விலை அவர்களுக்குத் தெரியாது. இவர் எறியச் சொல்லவில்லை. அதற்குப் பழைய திருத்தங்களைப் போட்டு, இணையமும் மற்றக் கணினிகளும் எட்டாதபடி தனியாகப் பிரித்துவைத்தார். வாசல் மேசையில் ஒரு பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவி, வாடிக்கையாளர்களின் டிரைவ்கள் முதலில் அங்கேதான் போக வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். விண்டோஸுக்காக எழுதிய புழு அங்கே ஓடாது. சோதித்த வடிவமைப்புக் கோப்பு மட்டும் உள்ளே வருகிறது. வாடிக்கையாளர்கள் சற்றுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. காரணத்தைச் சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

குறைகளும் உண்டு. முடிவில் தரும் அறிக்கை ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. தமிழில் அத்தனை அழகாகப் பேசியவர் ஒரு பக்கமாவது தமிழில் எழுதிக் கொடுத்திருந்தால் எங்கள் மூத்த ஊழியர் தாமே படித்துக்கொள்வார். ஒரு கணினிக்கு 80 வெள்ளி வாங்குகிறார்கள். இடத்துக்கு வருவதற்குத் தனிக் கட்டணம். வரிசையாகக் கணினி வைத்திருக்கும் கடைக்கு அது கனமான தொகை. ஆனாலும் முதலில் வந்தவருக்குக் கொடுத்ததோடு ஒப்பிட்டால் இது நியாயமான விலை என்றே சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கிறது. தேக்காவில் எங்களுக்கு ஞாயிறுதான் பெரிய வியாபாரம், அன்று ஏதாவது நின்றுபோனால் திங்கள்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

ரோச்சோர் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கினால் கட்டடம் பக்கத்திலேயே இருக்கிறது. போகும்போது கணினிகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றிலும் உள்ள விண்டோஸ் பதிப்பு, யார் யாருக்கு நிர்வாகி அனுமதி இருக்கிறது என்ற விவரங்களை எழுதி எடுத்துச் செல்லுங்கள். அதைப் பார்த்த பிறகே கட்டணம் சொல்கிறார்கள். நோய்ப்பட்டதாகச் சந்தேகிக்கும் தம்ப் டிரைவை உறையில் போட்டு, மேலே எழுதி, தனியாகக் கொடுங்கள்.