சார்ஜ் ஏறாத போனும் ஒரு சின்ன மீட்டரும்

கோவில்பட்டியில் இ-சேவை மையம் நடத்துகிறேன். வருமானச் சான்று, முதியோர் பணம், பட்டா மாறுதல், ஆதாரில் முகவரி மாற்றம் என்று எது கேட்டு வந்தாலும் நடுவில் ஒரு ஓடிபி வந்து நிற்கும். அது வருவதற்குக் கையில் இருக்கிற போன் உயிரோடு இருக்க வேண்டும். பாதிப் பேர் கொண்டுவருவது அணைந்த போன். "நேத்து ராத்திரி பூரா சார்ஜ் போட்டேன்மா, ஏறவே இல்ல" என்பார்கள். அதனால் கவுண்டர் ஓரத்தில் எப்போதும் ஒரு சார்ஜரும், மூன்று வகைப் பின் கொண்ட கேபிள்களும் தொங்கும். போன வருஷம் அவற்றோடு ஒரு யூஎஸ்பி மீட்டரும் சேர்ந்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். ஒரு முனையைச் சார்ஜரில் சொருக வேண்டும், மறுமுனையில் போன் கேபிளைச் சொருக வேண்டும். நடுவில் உள்ள குட்டித் திரையில் எத்தனை வோல்ட் அழுத்தத்தில் வருகிறது, எத்தனை ஆம்பியர் கரண்ட் போகிறது என்று தெரியும். பெரிய பெயர் எதுவும் கிடையாது. ஆன்லைனில் ஒரே சாமானைப் பத்துப் பேர் பத்துப் பெயரில் விற்கிறார்கள். ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். வண்ணத் திரை, புளூடூத் எல்லாம் வைத்து ஆயிரங்களில் விற்கிற மாடல்களும் உண்டு. சார்ஜ் ஏறாத போனுக்குக் காரணம் தேட அவை தேவையில்லை.

சார்ஜர், கேபிள், போன் மூன்றும் சரியாக இருந்து, பேட்டரியும் இறங்கியிருந்தால், திரையில் 5 வோல்ட் பக்கமும், ஒன்றிலிருந்து இரண்டு ஆம்பியர் வரையும் காட்டும். வேக சார்ஜர் என்றால் சொருகிய சில வினாடிகளில் வோல்ட் 9க்குத் தாவும். அரசு கொடுத்த மடிக்கணினியின் யூஎஸ்பி ஓட்டையில் சொருகினால் அரை ஆம்பியர் தேறினால் பெரிது. அதில் போட்டுவிட்டு "ஏறலையே" என்று வருகிற கல்லூரிப் பிள்ளைகளிடம் திரையைத் திருப்பிக் காட்டினால் போதும், நான் விளக்க வேண்டியதில்லை.

என்னிடம் வருகிற போன்களில் அதிகம் பார்க்கிற எண் 0.00தான். வோல்ட் 5.1 என்று நிற்கும், ஆம்பியர் அசையாது. சார்ஜரிலிருந்து கரண்ட் வருகிறது, போன் வாங்கவில்லை என்று அர்த்தம். முதலில் கேபிளை மாற்றிப் பார்ப்பேன். அப்போதும் அதே பூஜ்ஜியம் என்றால் டார்ச் அடித்து போனின் ஓட்டைக்குள் பார்ப்பேன். இது கரிசல் பூமி. காட்டு வேலைக்குப் போகிறவர்களின் போனில் கரிசல் தூசியும், சட்டைப் பையின் பஞ்சும் சேர்ந்து ஓட்டையின் அடியில் கெட்டியாகப் படிந்திருக்கும். பின்னை முழுவதும் உள்ளே போகவிடாது. சொருகிய பின் வெளியே கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கிறதா, தொட்டால் லொடலொடவென்று ஆடுகிறதா என்பதே நல்ல அடையாளம். போனை அணைத்துவிட்டு, பல்குச்சியைச் சீவி மெல்லிசாக்கி, ஓரமாக விட்டு நெம்பினால் பஞ்சு உருண்டை வெளியே வரும். ஊக்கு, குண்டூசி வேண்டவே வேண்டாம். டைப்-சி ஓட்டையின் நடுவில் ஒரு சின்ன நாக்கு இருக்கிறது, அதன் இரண்டு பக்கமும் பக்கத்துக்கு 12 என்று 24 தொடர்புகள். இரும்பு அதில் உரசினால் ஷார்ட் ஆகும், நாக்கு ஒடிந்தால் ஜாக்கையே மாற்ற வேண்டும். சுத்தம் செய்து திரும்பச் சொருகியதும் 0.00 என்பது 1.3, 1.4 என்று ஏறுகிறதைப் பார்ப்பதில் எனக்கு இன்னும் அலுப்புத் தட்டவில்லை.

டைப்-சி போன்களில் இன்னொரு வேடிக்கை. ஒரு பக்கமாகச் சொருகினால் ஏறும், திருப்பிச் சொருகினால் ஏறாது. கேபிளைத்தான் எல்லாரும் திட்டுவார்கள். எதிரில் போன் இருக்கிறது என்று சார்ஜருக்குத் தெரிவிக்க அந்த ஓட்டையில் தனியாக இரண்டு தொடர்புகள் உண்டு, பக்கத்துக்கு ஒன்று. சொருகுகிற திசையைப் பொறுத்து இரண்டில் ஒன்றுதான் வேலை செய்யும். அந்த ஒன்றில் அழுக்கோ பச்சைக் களிம்போ பிடித்திருந்தால், இரண்டு முனையும் சி ஆக உள்ள கேபிளில் சார்ஜர் கரண்டையே திறந்துவிடாது. சார்ஜர் பக்கம் அகல முனை உள்ள பழைய கேபிளில் போட்டால் பெரும்பாலும் ஏறிவிடும், அதில் 5 வோல்ட் எப்போதும் வந்துகொண்டே இருக்கும். புதுப் போனோடு வந்த கேபிளில் ஏறவில்லை, பக்கத்து வீட்டுப் பழைய கேபிளில் ஏறுகிறது என்று குழம்புகிறவர்கள் ஓட்டையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மீட்டர் கொடுத்த காசுக்கு மேல் உழைத்தது வேறு ஒரு விஷயத்தில். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற ஒரு அக்கா வந்தார். மகளின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும். போன் கொஞ்ச நாளாக அலமாரியில் அணைந்து கிடந்திருக்கிறது.

"கடையில காட்டினேன்மா. போர்டு போச்சு, புதுசு வாங்கிக்கோங்கன்னுட்டாங்க."

"எவ்வளவு நேரம் சார்ஜ்ல வச்சுப் பாத்தாங்கக்கா?"

"எங்க வச்சாங்க? சொருகினாங்க, எடுத்தாங்க."

மீட்டர் வழியாகப் போட்டதும் 0.07 காட்டியது. பூஜ்ஜியம் இல்லை, அதுதான் முக்கியம். லித்தியம் பேட்டரி நிறைந்திருக்கும்போது 4.2லிருந்து 4.4 வோல்ட் வரை இருக்கும். அணைந்த பிறகும் மாதக்கணக்கில் அப்படியே கிடந்தால் 3 வோல்ட்டுக்கும் கீழே போய்விடும். அந்த நிலையில் போனின் சார்ஜிங் ஐசி, அதாவது சார்ஜ் ஏறுவதைக் கட்டுப்படுத்துகிற சில்லு, முழு வேகத்தில் ஏற்றாது. பட்டினி கிடந்தவருக்கு முதலில் கஞ்சித் தண்ணி கொடுப்பதுபோல, துளித்துளியாகத்தான் விடும். அப்போது திரையில் பேட்டரிப் படம்கூட வராது, பார்க்கிறவர் செத்துவிட்டது என்றுதான் நினைப்பார். அந்த அக்காவைப் படிவம் நிரப்பச் சொல்லி உட்கார வைத்தேன். டீ வந்து குடித்து முடிப்பதற்குள் 0.07 என்பது 0.4 ஆகி, பிறகு ஒரே தாவலாக 1.2க்குப் போனது. கம்பெனிப் பெயர் திரையில் வந்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, மீட்டரைத்தான் பார்த்தார். கருப்புத் திரைப் போனை ஒரு மணி நேரமாவது சார்ஜில் விடாமல் எந்தத் தீர்ப்பும் சொல்லக் கூடாது என்பது என் கட்சி.

இதற்கு நேர்மாறான எண்ணும் வரும். போன் ஒரு ஆம்பியருக்கு மேல் நன்றாகவே வாங்குகிறது, ஆனால் திரை கருப்பு. அப்போது அந்தப் போனின் நம்பருக்கு வேறு போனிலிருந்து அழைத்துப் பார்ப்பேன். மணி அடித்தால் போனுக்கு ஒன்றுமில்லை, டிஸ்ப்ளே போயிருக்கிறது. அடிக்காவிட்டால் ஹேங் ஆகி உறைந்திருக்கலாம். ரெட்மியில் பவர் பட்டனைப் பத்து வினாடிக்கு மேல் விடாமல் அழுத்த வேண்டும். சாம்சங்கில் சத்தம் குறைக்கிற பட்டனையும் பவரையும் சேர்த்து. ஐபோன் 8க்குப் பிறகு வந்தவற்றில் சத்தம் கூட்டுவதை ஒரு தட்டு, குறைப்பதை ஒரு தட்டு, பிறகு பக்கப் பட்டனை ஆப்பிள் படம் வரும்வரை பிடிக்க வேண்டும். இவற்றால் படமோ எண்களோ அழியாது. பயந்து அழுத்தாமல் இருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அவசரமாக ஓடிபி மட்டும் வேண்டுமென்றால் இத்தனை பாடும் வேண்டாம். அது சிம்முக்குத்தான் வரும், போனுக்கு இல்லை. சிம்மைக் கழற்றி வேறு போனில் போடுங்கள். இதைச் சொன்னதும் ஏமாற்றமாகப் பார்க்கிறவர்களும் உண்டு, போனைச் சரிசெய்து தருவேன் என்று வந்திருப்பார்கள்.

ஊரில் எல்லாரும் சொல்கிற இன்னொரு காரணம், "எங்க தெருவில லோ வோல்டேஜ்மா." சார்ஜரின் பின்னால் பொடி எழுத்தில் 100-240 என்று அச்சடித்திருப்பதைக் காட்டுவேன். மின்விசிறி தவழ்கிற அளவு வோல்டேஜிலும் நல்ல சார்ஜர் 5 வோல்ட்டைச் சரியாகக் கொடுக்கும். குறை பெரும்பாலும் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய கேபிளில் இருக்கிறது. உள்ளே செம்பு முடியளவு மெல்லிசு. ஒரே சார்ஜர், ஒரே போன், அந்தக் கேபிளில் 0.4 ஆம்பியர், தடித்த கேபிளில் 1.6. வழியிலேயே வோல்ட் விழுந்துவிடுவதால் போன் தானாகவே குறைத்து வாங்குகிறது. இரவெல்லாம் போட்டும் பாதிகூட ஏறாததன் ரகசியம் பல வீடுகளில் இதுதான்.

மீட்டரின் குறைகளுக்கு வருகிறேன். ஒப்போ, ஒன்பிளஸ், ரியல்மி போன்ற போன்களின் சொந்த வேக சார்ஜிங் இது நடுவில் இருந்தால் பெரும்பாலும் வேலை செய்யாது, சாதாரண வேகத்துக்கு இறங்கிவிடும். சார்ஜர் கெட்டுவிட்டது என்று அதை வைத்து முடிவு கட்டக் கூடாது. அடுத்து, ஆன் செய்த போன் தன் செலவுக்கே கொஞ்சம் கரண்ட் வாங்கும். 0.3 காட்டுவதால் பேட்டரி ஏறுகிறது என்று ஆகாது, அணைத்துவிட்டு அளப்பதே நல்லது. பேட்டரி நிறைய நிறைய ஆம்பியர் இறங்குவதும் இயல்பு, 90 சதவீதத்தில் சொருகிவிட்டு "கம்மியாக் காட்டுது" என்று பதற வேண்டாம்.

மொத்தம் எவ்வளவு கரண்ட் ஏறியது என்று காட்டுகிற மில்லி ஆம்பியர் மணிக் கணக்கு என்று ஒன்றும் அதில் ஓடும். அதுதான் ஆட்களை அதிகம் ஏமாற்றுகிறது. 5000 எழுதிய பேட்டரியைக் காலியிலிருந்து நிறைய ஏற்றினால், 5 வோல்ட்டில் மீட்டர் 4300, 4500 பக்கம்தான் காட்டும். பேட்டரியின் 5000 என்பது அதன் சொந்த வோல்ட்டான 3.85இல் போட்ட கணக்கு. மீட்டர் எண்ணுவது சார்ஜரின் 5 வோல்ட்டில், சூடாகி வீணாவதையும் சேர்த்து. 9 வோல்ட்டில் இன்னும் குறைந்து காட்டும். விற்பனைப் பக்கத்தில் "பேட்டரி டூப்ளிகேட்" என்று திட்டியிருக்கிற பாதிப் பேர் இந்த எண்ணைப் பார்த்துத்தான் திட்டியிருக்கிறார்கள். வோல்ட்டையும் சேர்த்துப் பெருக்கி வாட்-மணியில் காட்டுகிற மாடலாக வாங்கினால் இந்தக் குழப்பம் இல்லை, அதே பேட்டரிக்கு 19க்கு மேல் வர வேண்டும்.

ஓட்டை சுத்தம், கேபிள் மாற்றியாயிற்று, மணிக்கணக்கில் சார்ஜிலும் வைத்தாயிற்று, இன்னும் 0.00. அங்கே மீட்டரின் எல்லை முடிகிறது. ஜாக்கா, ஜாக் பொருத்திய சின்ன சப் போர்டா, பேட்டரியா, உள்ளே ஐசியா என்று அதனால் பிரிக்க முடியாது. அப்படிப்பட்டவற்றைத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் அனுப்புவேன். அவர் பேட்டரியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பவர் சப்ளையிலிருந்து 4 வோல்ட் கொடுப்பார். பவர் பட்டனைத் தொடும் முன்பே பவர் சப்ளையில் கரண்ட் காட்டுகிற முள் ஏறினால் போர்டில் ஷார்ட். பிறகு சால்டரிங் அயர்னால் ரோசின் என்கிற பிசினைச் சுட்டு அந்தப் புகையைப் போர்டு மேல் பிடிப்பார், வெள்ளைப் பொடியாகப் படியும். கரண்ட் கொடுத்ததும் ஷார்ட் ஆன கெப்பாசிட்டர் என்கிற பாகம் சூடாகி, அந்த இடத்தில் மட்டும் பொடி உருகிக் கருப்பாகத் தெரியும். கடுகை விடச் சின்னச் சாமான், அதை எடுத்துவிட்டால் போதும், போன் எழுந்துவிடும். எல்லாம் இவ்வளவு சுலபமாக முடிவதில்லை. ஆனால் சோதிக்காமலே "போர்டு போச்சு" என்கிறவரிடமிருந்து போனைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டு நிலையில் மீட்டரையும் எடுக்க மாட்டேன், சார்ஜரையும் எடுக்க மாட்டேன். பின் மூடி உப்பி ஓரம் விலகியிருந்தால் பேட்டரி ஊதியிருக்கிறது, அதை அழுத்தக் கூடாது, சார்ஜில் போடவே கூடாது. தண்ணீரில் விழுந்த போனும் அப்படித்தான். அரிசி மூட்டைக்குள் புதைத்து எடுத்து வருவார்கள். அரிசி எதையும் உறிஞ்சிக் காப்பாற்றாது, ஓட்டைக்குள் தூளும் மாவும்தான் போகும். ஓட்டை கீழ்ப்பக்கமாக இருக்கும்படி பிடித்து லேசாகத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் விடுங்கள். முழுக்க முங்கியிருந்தால் உடனே கழற்றிச் சுத்தம் செய்யக் கொடுங்கள்.

வாங்குகிறவர்கள் இரண்டு பக்கமும் அகல முனை உள்ள மாடலை வாங்குவது நல்லது. அதில் எந்தக் கேபிளையும் போடலாம், பழைய மைக்ரோ பின் போன், பட்டன் போன் எல்லாவற்றுக்கும் ஆகும். வீட்டில் எல்லாமே சி என்றால் சி முனை மாடல் போதும். அதைப் போன் பக்கத்தில் மாட்டினால் கேபிளில் விழுகிற வோல்ட்டும் நேராகத் தெரியும். என் மீட்டரில் பட்டன் இப்போதே தளர்ந்துவிட்டது, வெளிச்சத்தில் திரை மங்கல், ஆனால் எண்கள் மெக்கானிக்கின் மல்டிமீட்டரோடு ஒத்துப்போகின்றன. கேபிளிலேயே திரை பதித்த சாமானும் விற்கிறார்கள். அவற்றில் நான் பார்த்தது வாட் மட்டும் காட்டியது. வோல்ட்டும் ஆம்பியரும் தனித்தனியாகத் தெரியாவிட்டால் குறை எந்தப் பக்கம் என்று பிரிக்க முடியாது, அதனால் நான் வாங்கவில்லை.